கையை எடுத்தும் சுழலும் வின்ட்மில்

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, அடுத்த நிலையமான தோபி காட்டில் வட்டப் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் எஸ்பிளனேட். அங்கிருந்து கலையரங்குக்குப் போகும் சுரங்க நடைபாதையில் இளையர்கள் கூடி நடனம் பழகுவது சிங்கப்பூரர்களுக்குப் பழகிய காட்சி. வாடகை இல்லை, மழைக்கு ஒதுங்க வேண்டியதில்லை, தரையும் வழவழப்பு. பிரேக் டான்ஸ் ஆடுவோருக்கு இந்தத் தரைதான் முக்கியம். வின்ட்மில் என்னும் சுழற்சியில் முதுகும் தோளும் அதன்மீது வழுக்கிக்கொண்டே உருள வேண்டும்.

பார்ப்பவர்கள் இதைக் கைவலிமை என்றே நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது கால் வீச்சு. ஆடுபவர் ஒரு கையைத் தரையில் ஊன்றி, அதன் முழங்கையை வயிற்றின் பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து உடலைத் தாங்குகிறார். பிறகு ஒரு காலைத் தரையையொட்டி வீசி, ஊன்றிய கையை மடக்கித் தோளில் சரிகிறார். உடல் மேல்முதுகில் உருண்டு மறுதோளுக்குப் போகிறது. வீச்சின் வேகம் இடுப்பைத் தூக்கிவிட, உடல் குப்புறத் திரும்புகிறது. கை மறுபடி ஊன்றிக்கொள்கிறது. அவ்வளவு நேரமும் கால்கள் அகல விரிந்தே இருக்க வேண்டும். பாதம் தரையைத் தொடக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது குப்புறத் திரும்பும் கட்டத்தில்தான். பயத்தில் கால்கள் ஒன்றுசேரும், இடுப்பு தாழும், வீச்சு அங்கேயே செத்துவிடும்.

நியூயார்க்கின் பிராங்ஸ் வட்டாரத்தில் பிறந்த நடனம் இது. இந்தச் சுழற்சியை விடாமல் தொடரும்படி ஆக்கிய பெருமை ராக் ஸ்டெடி குழுவின் கிரேசி லெக்ஸுக்குத் தரப்படுகிறது. 1983-இல் வந்த ‘பிளாஷ்டான்ஸ்’ படத்தின் இறுதி நடனத்தில் கதாநாயகிக்குப் பதிலாக முதுகில் சுழன்றவரும் அவரே.

அடிப்படை கைவந்ததும் ஆட்டக்காரர்கள் முதலில் துறப்பது கையூன்றலைத்தான். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டினால் மம்மி, முதுகுக்குப் பின்னால் கோத்தால் ஹேண்ட்கஃப், தொடையில் வைத்தால் எக்பீட்டர். முன்னால் வளையமாகப் பிடித்தால் பேரல், இருபுறமும் நீட்டினால் ஏர்பிளேன். கை தாங்காத அந்த நொடியில் எடை தலைக்கும் தோளுக்கும் போகிறது. கழுத்து உறுதிப்படாமல் இவற்றில் இறங்குவது ஆபத்து. கால்களை மாற்றியும் வகைகள் உண்டு. மஞ்ச்மில்லில் கால்களைக் குறுக்கி மடித்துக்கொள்வதால் உடல் சிறுத்துச் சுழற்சி விரைவாகிறது. கால்களைச் சேர்த்து விறைப்பாக நீட்டும் டூம்ஸ்டோன் அதைவிடக் கடினம். விரிந்த கால் தரும் வீச்சு அதில் கிடைப்பதில்லை.

சிங்கப்பூரில் இந்தக் கலையை வளர்த்தவர்களில் 1998-இல் தொடங்கிய ரேடிக்கல் ஃபோர்ஸ் குழு முக்கியமானது. அவர்கள் நடத்தும் ‘ரேடிக்கல் ஃபோர்ஸ் ஜாம்’ போட்டிக்கு வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வருகிறார்கள். இதைத் தெருச் சாகசம் என்று ஒதுக்கும் பெற்றோர் ஒருமுறை இத்தகைய போட்டியை நேரில் பார்ப்பது நல்லது.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் இந்நடனம் முதன்முறையாக இடம்பெற்றது. நுட்பம், அசைவு வளம், நிறைவேற்றம், இசையோடு இயைவு, தனித்தன்மை ஆகிய ஐந்துக்கும் தலா 20 விழுக்காடு. ஆகவே பத்துச் சுற்று சுற்றுவதால் மட்டும் வெற்றி வராது. டிரம் விழும் இடத்தில் பேரலிலிருந்து ஏர்பிளேனுக்கு மாறி, அடுத்த அடியில் சட்டென்று உறைந்து நிற்பவருக்கே அந்த ஐந்திலும் மதிப்பெண் சேரும்.