பலாலிக்கும் திருச்சிக்கும் இடையே 184 கிலோமீற்றர்

பலாலி ஓடுபாதையிலிருந்து திருச்சிராப்பள்ளி ஓடுபாதைக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் அதன் நீளம் சுமார் 184 கிலோமீற்றர். பாக்குநீரிணையைக் கடந்து, அதிராம்பட்டினத்துக்கு அண்மையில் அக்கோடு கரையேறுகின்றது. யாழ்ப்பாணத்தவர் வீதி வழியே அநுராதபுரம் செல்லும் தூரமும் ஏறத்தாழ இதுவேதான்.

ஆயினும் நெடுங்காலமாக நம்மவரால் இத்தூரத்தை இவ்வாறு கடக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள தாய், ஐரோப்பாவிலிருந்து திருச்சிக்கு வரும் மகனைக் காண வேண்டுமெனில், முதலில் தெற்கே சுமார் 400 கிலோமீற்றர் பயணித்துக் கொழும்பை அடைய வேண்டியிருந்தது. பின்னர் கட்டுநாயக்காவில் விமானமேறி, மீண்டும் வடக்கே 400 கிலோமீற்றருக்கு மேல் பறக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கெட்டும் கரைக்கு இத்தனை பெரிய சுற்று! போர்க்காலத்திலோ பாதையே அடைபட்டுக் கிடந்தது. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டதை எவர் மறப்பர்?

பலாலிக்கு வான்வழி புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னையை அடைந்தது. நெடுங்கால இடைவெளியின் பின் 2019 ஒக்டோபர் 17 இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. முதலில் சென்னைச் சேவை நடைபெற்றது. கொரோனாத் தொற்றினால் 2020 இல் நின்ற அச்சேவை, 2022 டிசெம்பர் 12 இல் மீண்டும் ஆரம்பமாயிற்று. திருச்சிக்கான இண்டிகோ சேவை தொடங்கியது 2025 மார்ச் 30 இல்.

இப்பாதைக்குரிய ஏ.டி.ஆர். 72 ரக விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கவல்லது. கணக்கின்படி 22 நிமிடங்கள் போதும். அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறிக்கப்படுகின்றது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லல், மேலெழல், இறங்குமுன் வட்டமிடல் ஆகியனவும் அதனுள் அடங்கும். குறுந்தூரப் பறப்பில் முழுவேகம் எட்டியதும் இறங்கும் வேளை வந்துவிடுகின்றது.

தூரத்திலும் பெரிய தடை கடதாசியில் இருக்கின்றது. இலங்கைக் கடவுச்சீட்டாயினும் ஐரோப்பியக் கடவுச்சீட்டாயினும் இந்திய விசா தேவை. அகதிகளுக்கான பயணப் பத்திரம் வைத்திருப்போருக்கு இந்தியாவின் இணைய விசா வழங்கப்படுவதில்லை. அவர்கள் தூதரகத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். அப்பத்திரம் பொதுவாகச் சொந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. ஆகவே இவர்களுக்குத் திருச்சியே எல்லை. கடலைக் கடந்து வர வேண்டியவர் ஊரிலுள்ள தாய்தான். திருச்சிக்கு வந்த பின் ஒரு மணிப் பயணந்தானே என்ற ஆசையில் பலாலிக்கு விமானமேற எண்ணுவோர், 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் முதலாம் பிரிவை நினைவிற்கொள்க. சொந்த நாட்டின் பாதுகாப்பைத் தாமாக மீண்டும் நாடுவோர் அகதி அந்தஸ்தை இழக்க நேரிடலாம் என அது கூறுகின்றது. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளோர் எந்நாட்டுக்கும் பயணச்சீட்டு வாங்குமுன் தம் சட்டத்தரணியிடம் கேட்டறிவது அவசியம். இத்தகைய சிறு பாதைகளில் சேவைகள் அடிக்கடி மாற்றமடைவதால், ஊரிலிருந்து பெற்றோரை அழைப்போர் அட்டவணையை உறுதிசெய்த பின்னரே திருச்சியில் விடுதி ஒழுங்கு செய்வது நல்லது.