பல்கலைக்கழக நூலகங்களில் ஒலி-ஒளிப் பொருட்கள்: தேர்வும் பராமரிப்பும்

பல்கலைக்கழக நூலகங்களில் நூல்கள், ஆய்விதழ்கள் தவிர, கருவியின் துணையோடு மட்டுமே கேட்கவோ பார்க்கவோ கூடிய பதிவுகளும் சேகரிக்கப்படுகின்றன. இசைத்தட்டு, ஒலிநாடா, ஒளிநாடா, படச்சுருள், குறுந்தகடு, டிவிடி, இணையவழிக் காணொளி ஆகியவை இவற்றுள் அடங்கும். இவை பொதுவாக ஒலி-ஒளிப் பொருட்கள் எனப்படுகின்றன. நூலக அறிவியல் பாடநூல்களில் கட்புல-செவிப்புலச் சாதனங்கள் என்ற பெயரும் வழங்குகிறது.

அலமாரியில் வைத்த நூலை ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்தாலும் படித்துவிடலாம். ஒளிநாடா அப்படியல்ல. நாடா கெடாமல் இருக்க வேண்டும், அதை ஓட்டும் கருவி கிடைக்க வேண்டும், அந்தக் கருவியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பதிவு கைக்கு எட்டாமல் போய்விடும். இதனால்தான் இப்பொருட்களை வாங்குவதும் வைத்திருப்பதும் நூலகப் பணியில் தனித்துறையாக வளர்ந்துள்ளன.

தேர்வு

பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் தேர்வு ஆசிரியரிடமிருந்தே தொடங்குகிறது. மானிடவியல் பேராசிரியர் ஓர் ஆவணப்படத்தை வகுப்பில் காட்ட விரும்புவார். இசைத்துறை ஒரு பதிவுத் தொகுப்பைக் கேட்கும். அந்தந்தப் பாடத்துக்குப் பொறுப்பான நூலகர் அக்கோரிக்கையைப் பரிசீலிக்கிறார். பாடத்திட்டத்தோடு உள்ள தொடர்பு, உள்ளடக்கத்தின் நம்பகத்தன்மை, ஒலி மற்றும் படத்தின் தரம் ஆகியவை முதலில் பார்க்கப்படும். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்காகத் திரையில் எழுத்து ஓடுகிறதா என்பதும் இன்று முக்கியமான கேள்வி.

அதன்பின் வருவது உரிமம். ஒரே படத்துக்கு வீட்டில் பார்ப்பவருக்கு ஒரு விலையும், கல்வி நிறுவனத்துக்கு அதைவிடப் பல மடங்கு விலையும் வைப்பது ஆவணப்பட விநியோகத்தில் வழக்கம். கூடுதல் தொகை பெரும்பாலும் பொதுத்திரையிடல் உரிமைக்காக வாங்கப்படுகிறது. வகுப்பறைக்கு வெளியே திரைப்படச் சங்கம் போன்றவை படத்தைக் காட்ட வேண்டுமானால் இவ்வுரிமை தேவைப்படும். விலை குறைவு என்று வீட்டு உபயோகப் பிரதியை வாங்கிவிட்டுப் பின்னர் காட்ட முடியாமல் நிற்பது புதிய நூலகர்கள் செய்யும் தவறு.

தொழில்நுட்பப் பொருத்தமும் உண்டு. டிவிடிகள் உலக வட்டாரங்களின்படி குறியிடப்பட்டவை. அமெரிக்காவுக்கான குறியீடு 1. இந்தியா குறியீடு 5-இல் வருகிறது. ஒரு வட்டாரத்து வட்டு மற்றொரு வட்டாரத்துக் கருவியில் ஓடாமல் போகலாம். ஆகவே வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

சொந்தமா, வாடகையா?

வட்டாகவோ நாடாவாகவோ வாங்கினால் அது நூலகத்தின் உடைமை. இணையவழிக் காணொளிச் சேவைகளில் நூலகம் பெறுவது பெரும்பாலும் ஓராண்டு அல்லது மூன்றாண்டு போன்ற கால அளவுக்கான பார்வை உரிமை மட்டுமே. காலம் முடிந்ததும் மீண்டும் பணம் கட்டாவிட்டால் படம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். சில சேவைகளில் வாசகர்கள் ஒரு படத்தைக் குறிப்பிட்ட தடவை பார்த்ததும் அதற்கான கட்டணம் தானாகவே நூலகத்தின் கணக்கில் ஏறும். எது பயன்படுகிறதோ அதற்கு மட்டும் பணம் என்பது கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் பயன்பாடு கூடக்கூடச் செலவும் கட்டுக்கடங்காமல் ஏறும். கானபி என்னும் காணொளிச் சேவையை 2019-இல் நியூயார்க் பொது நூலகம், புரூக்ளின், குயின்ஸ் நூலகங்களுடன் சேர்ந்து கைவிட்டதற்குச் செலவே காரணமாகக் கூறப்பட்டது. இவை பொது நூலகங்கள் என்றாலும் பல்கலைக்கழகங்களின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று.

ஒரு பாடத்துக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் படத்தைச் சொந்தமாக வாங்குவதே நல்லது. ஒரு பருவத்தோடு முடிந்துவிடும் தேவைக்கு வாடகை போதும்.

பட்டியலாக்கம்

நூலைப் புரட்டிப் பார்த்து வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். கேசட்டைப் புரட்ட முடியாது. ஆகவே பட்டியல் குறிப்பே வாசகருக்குக் கண்ணாகிறது. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக வாசகரின் நேரத்தைப் பற்றிப் பேசினார். அந்த விதி நூலைவிடவும் ஒளிநாடாவுக்கு அதிகம் பொருந்துகிறது.

தலைப்பை உறையிலிருந்து எடுக்காமல் படத்தின் தொடக்கத்தில் திரையில் வருவதிலிருந்து எடுப்பதே முறை. உறையில் சுருக்கியோ மாற்றியோ அச்சிட்டிருப்பார்கள். ஓடும் நேரம், மொழி, துணையெழுத்து, இயக்குநர், கலைஞர்கள், எந்தக் கருவியில் ஓடும் என்ற விவரம் ஆகியன குறிக்கப்படுகின்றன. மார்க் 21 என்னும் பதிவமைப்பில் தயாரிப்புக் குழுவினருக்கு 508, நடித்தோர் மற்றும் பாடியோருக்கு 511, கருவி விவரத்துக்கு 538 எனத் தனித்தனிப் புலங்கள் உள்ளன. களஆய்வில் பதிவான நாடா என்றால் யார் பாடினார், எந்த ஊர், எந்த நாள் என்பதைப் பதிவு செய்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அவர் காலத்துக்குப் பின் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

கெடுதலும் காப்பும்

அசிட்டேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்படுகிறது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடிக்கும். சுருளும் சுருங்கி வளையும். ஒரு சுருளிலிருந்து வரும் ஆவி பக்கத்துச் சுருளின் சிதைவையும் விரைவுபடுத்தும் என்பதால் வாடை வந்தவற்றை உடனே பிரித்து வைக்கிறார்கள். காந்த நாடாவில் காந்தத் துகள்களைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அந்நிலையில் ஓட்டினால் துகள்கள் கருவியின் முனையில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். இத்தகைய நாடாக்களை ஓட்டுவதற்குமுன் கட்டுப்படுத்திய இளஞ்சூட்டில் பல மணி நேரம் உலர்த்துவது உண்டு. நாடாக்களைச் செங்குத்தாக நிறுத்தி, குளிர்ந்த, உலர்ந்த அறையில், வெப்பநிலை ஏறி இறங்காதவாறு வைக்க வேண்டும். வட்டுகளின் மேற்பரப்பில் ஒட்டுச்சீட்டு ஒட்டக்கூடாது.

நாடாவைக் காத்தாலும் கருவி மறைந்துவிடுகிறது. வி.எச்.எஸ். முறை 1976-இல் ஜப்பானில் அறிமுகமானது. அக்கருவிகளைக் கடைசிவரை தயாரித்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, வழக்கொழிந்த வடிவத்தில் உள்ள வெளியிடப்பட்ட படைப்புக்கு நியாயமான விலையில் புதிய பிரதி கிடைக்காவிட்டால், நூலகம் மூன்று பிரதிகள் வரை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஓட்டும் கருவி சந்தையில் கிடைக்காமல் போவதே வழக்கொழிந்தது என்பதற்கு அங்கே அளவுகோல். ஆனால் அவ்வாறு எடுத்த எண்ணிமப் பிரதியை நூலக வளாகத்துக்கு வெளியே பொதுமக்களுக்குத் தரக்கூடாது.

இந்தியானா பல்கலைக்கழகத்தின் முயற்சி

எதைக் காப்பது, எதை விடுவது என்ற கேள்வியை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டது அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம். 1948 முதல் அங்கு மரபிசை ஆவணக் காப்பகம் இயங்கிவருகிறது. மெழுகு உருளைகளில் பதிவான பழங்குடி மக்களின் பாடல்கள்கூட அதில் உள்ளன. பள்ளிகளுக்குக் கல்விப் படச்சுருள்களை வாடகைக்கு அனுப்பிய ஒலி-ஒளி மையமும் அங்கு இருந்தது. 2009-இல் வெளியான கணக்கெடுப்பில், புளூமிங்டன் வளாகத்தில் மட்டும் 5,60,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளி, படப் பதிவுகள் இருப்பது தெரியவந்தது. அவை ஒரே நூலகத்தில் இல்லை. பல துறைகளின் அலமாரிகளிலும் சிதறிக் கிடந்தன.

ஒரு மணி நேர நாடாவை எண்ணிமமாக்க ஒரு மணி நேரம் தேவை. அதை விரைவாக ஓட்டித் தீர்க்க முடியாது. ஐந்து லட்சம் பதிவுகளை ஒற்றைக் கருவியில் ஒவ்வொன்றாக ஓட்டினால், கடைசி நாடாவை எடுக்கும்போது அது பொடியாகியிருக்கும். ஆகவே வரிசை தேவைப்பட்டது. அதற்காக இரண்டு மென்பொருள்கள் உருவாக்கப்பட்டன. மீடியாஸ்கோர் என்பது பொருளின் சிதைவையும் வடிவம் வழக்கொழியும் ஆபத்தையும் மதிப்பிட்டது. மீடியாரிவர்ஸ் என்பது ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் அதன் மதிப்பை எடைபோட்டது. இரண்டிலும் உயர்ந்த மதிப்பெண் பெற்றவை முன்னே சென்றன. மதிப்பு மிகுந்தும் நல்ல நிலையில் உள்ளது சற்றுக் காத்திருக்கலாம். கெட்டுக்கொண்டிருந்தாலும் வேறெங்கும் எளிதாகக் கிடைப்பது பின்னே போகலாம். கண் முன்னே சிதையும் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளும் முடிவு எளிதன்று.

2013 அக்டோபரில் பல்கலைக்கழகத்தின் அன்றைய தலைவர் மைக்கேல் மெக்ராபி இப்பணிக்கு 15 மில்லியன் டாலர் ஒதுக்கீட்டை அறிவித்தார். பல்கலைக்கழகத்தின் இருநூறாவது ஆண்டான 2020-க்குள் முடிப்பது இலக்கு. நல்ல நிலையில் இருந்த நாடாக்களை மெம்னான் நிறுவனம் பல கருவிகளில் ஒரே நேரத்தில் ஓட்டி எண்ணிமமாக்கியது. நொய்ந்தவற்றையும் அரிய வடிவங்களையும் பல்கலைக்கழகத்தின் சொந்தப் பொறியாளர்கள் ஒவ்வொன்றாகக் கையாண்டனர். 3,50,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இவ்வாறு காக்கப்பட்டன.

காப்புப் பிரதி ஒன்று, பயன்பாட்டுப் பிரதி ஒன்று எனத் தனித்தனியே உருவாக்குவது இத்தகைய பணிகளில் வழக்கம். ஒலிப்பதிவுக்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவு பரவலாகப் பின்பற்றப்படுகிறது. கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காலந்தோறும் சரிபார்க்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எண் கணக்கிட்டு வைக்கப்படும். காந்த நாடாவிலிருந்து மீட்ட ஒலி இறுதியில் புளூமிங்டனிலும் இண்டியானாபொலிசிலும் கணினித் தரவு நாடாக்களிலேயே சேமிக்கப்படுகிறது என்பது சுவையான செய்தி. நாடா தீயதன்று, பழைய நாடாவைக் கவனியாமல் விட்டதுதான் சிக்கல்.

எண்ணிமமானவை எல்லாம் எல்லோருக்கும் திறந்துவிடப்படவில்லை. பதிப்புரிமை தெளிவாக இல்லாதவை பல்கலைக்கழகத்தினருக்கு மட்டும் கிடைக்கின்றன. சடங்குப் பாடல்கள் போன்றவற்றில், அவற்றைப் பாடிய சமூகத்தினரின் விருப்பத்தையும் கேட்டறிய வேண்டியுள்ளது. சட்டம் அனுமதித்தாலும் அவர்கள் வேண்டாம் என்று கருதும் பாடலை இணையத்தில் போடுவது முறையாகாது.

இந்தியாவில்

1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடுதழுவிய வகுப்பறை நிகழ்ச்சி தூர்தர்ஷனில் தொடங்கியது. அதற்கான படங்களைத் தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஊடக மையங்கள் அமைந்தன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் இவை உள்ளன. 1993-இல் உருவான கல்வித் தொடர்புக் கூட்டமைப்பு இம்மையங்களை ஒருங்கிணைக்கிறது.

இந்தியாவில் களஆய்வு செய்த வெளிநாட்டு அறிஞர்களின் பதிவுகள் பல அவர்களுடைய நாட்டு நூலகங்களுக்கே சென்றுவிட்டன. அவற்றின் பிரதிகளை இங்கே கிடைக்கச் செய்யும் நோக்கத்தோடு 1982-இல் அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் இனஇசையியல் ஆவண ஆய்வு மையத்தைத் தொடங்கியது. இது ஹரியானாவின் குருகிராமில் இயங்குகிறது. ஆர்னால்டு பேக் என்ற டச்சு ஆய்வாளர் 1938-39-இல் தென்னிந்தியாவில் செய்த பதிவுகளின் தடத்தை 1984-இல் நசீர் ஜெய்ராஸ்போயும் ஏமி கேட்லினும் மீண்டும் தேடிச் சென்றது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளில் ஒரு படத்தையோ ஒலிப்பதிவையோ காட்டுவதை, பார்வையாளர்கள் ஊழியர், மாணவர், அவர்களுடைய பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் என்ற அளவில் இருந்தால், 52-ஆம் பிரிவு உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், இலாப நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் ஏற்கெனவே எண்ணிமமல்லாத பிரதி உள்ள படைப்பைக் காப்புக்காக மின்னணு முறையில் சேமிக்கவும் இடம் தந்தது. இவ்விலக்கு சேமிப்புக்கு மட்டுமே உரியது. இணையத்தில் வெளியிடுவது இதில் அடங்காது.