சிரங்குக்குப் பூசும் பூச்சிக்கொல்லி

சிங்கப்பூர் மருத்துவர்கள் சொறிசிரங்குக்கு எழுதித்தரும் களிம்பிலுள்ள பெர்மெத்ரின், கொசுவையும் கரப்பான்பூச்சியையும் கொல்லும் தெளிப்பு மருந்துகள் சிலவற்றிலும் சேர்க்கப்படும் செயற்கைப் பூச்சிக்கொல்லிதான் என்பதை அறிபவர், அதைத் தோலில் பூசத் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தால் மருந்தைப் பாதியில் நிறுத்துவோருக்கு நேரும் தீங்கு, மருந்தால் நேரக்கூடியதைவிடப் பெரிது.

சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் மாலையாகும் செவ்வந்திக்கு உறவான பைரெத்ரம் என்னும் வெண்பூவின் சாறு பூச்சிகளைக் கொல்லும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. வெயில்பட்டால் விரைந்து சிதையும் அச்சாற்றுக்கு மாற்றாக, இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு 1973-இல் உருவாக்கியதே பெர்மெத்ரின். நரம்பு வழியே செய்தி செல்கையில் திறந்து மூடும் சோடியம் வாயில்களை இது மூடவிடாமல் தடுப்பதால் பூச்சி முடங்கி இறக்கிறது. மனித நரம்பிலும் அத்தகைய வாயில்கள் உண்டு என்றாலும், பூசியதில் தோலைக் கடந்து உள்ளே செல்வது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதையும் உடலின் நொதிகள் சிதைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகின்றன. பூனைகளின் உடலுக்கு இவ்வாறு சிதைக்கும் திறன் மிகக் குறைவாதலால், களிம்பு பூசிய கையால் அவற்றைத் தொடாதிருப்பது நல்லது.

சிரங்குக்கான களிம்பில் பெர்மெத்ரின் 5 விழுக்காடு இருக்கிறது. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 1989-இல் ஒப்புதல் அளித்த இதனை, இரண்டு மாதம் நிறைந்த குழந்தைகளுக்கும் பயன்படுத்தலாம். பூசிய இடத்தில் சிறிது நேரம் எரிச்சலோ ஊசி குத்துவது போன்ற உணர்வோ தோன்றி அடங்கும். சுவரிலும் துணியிலும் அடிப்பதற்கான தெளிப்பு மருந்து இதற்கு ஒருபோதும் ஈடாகாது. வேறு கரைப்பான்களும் வேறு பூச்சிக்கொல்லிகளும் கலந்த அதனைச் சிரங்கின்மீது அடித்துக்கொள்வது ஆபத்தானது.

சிரங்கை உண்டாக்கும் எட்டுக்கால் சிற்றுயிர் தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதாலும், முதன்முறை தொற்றுவோருக்கு நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே அரிப்புத் தொடங்குவதாலும், அரிப்பில்லாதவரும் பிறருக்கு அதைப் பரப்ப முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர் பலர் வாழும் தங்குவிடுதிகளில் இது முக்கியமானது. புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிருவருக்கு மேல் கூடாது என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. அவ்வளவு பேர் அருகருகே உறங்கும் அறையில், நோயாளியுடன் நெருங்கிப் பழகியோர் அனைவருக்கும் ஒரே நாளில் சிகிச்சை அளிக்காமல் ஒருவருக்கு மட்டும் களிம்பு கொடுத்தனுப்பினால், நோய் மீண்டும் அவரிடமே வந்து சேரும். அச்சிகிச்சைக்கான செலவையும் ஓய்வு நேரத்தையும் தொழிலாளியின் தலையில் சுமத்துவது முறையன்று.

களிம்பை அரிக்கும் இடத்தில் மட்டுமன்றி, கழுத்து முதல் பாதம்வரை, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவி, ஒரு வாரத்துக்குப்பின் மறுமுறை பூச வேண்டும். துணிகளையும் போர்வைகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும். சிற்றுயிர்கள் இறந்தபின்னும் அவற்றின் எச்சங்களுக்கு எதிரான ஒவ்வாமையால் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கக்கூடும். மருந்து பலிக்கவில்லை என்றெண்ணி அன்றாடம் பூசினால் தோல் வறண்டு புண்ணாகும் என்பதால், அரிப்பு அதற்குமேலும் தொடர்ந்தால் மருத்துவரிடமே திரும்பச் செல்ல வேண்டும்.