செஞ்சிக்கு எதுக்குடா ஹீட்டர்?

கத்திரி வெயில்ல ராஜகிரி ஏறியிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? பாறை மேல மாவு ஊத்தினா தோசையே வெந்துடும். அப்படிப்பட்ட எங்க செஞ்சியில ஒரு கார் ஹீட்டர் போட்டுக்கிட்டே ஓடுச்சுன்னா நம்புவீங்களா? ஓடுச்சு. அதுவும் நாலு மாசம். ஓட்டினவருக்கே தெரியாம!

கார் எங்க மாமாவோடது. பழைய டீசல் வண்டி, டாக்ஸி பர்மிட், மாசாமாசம் ஈ.எம்.ஐ. திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷன்ல ஆள் ஏத்தி, செஞ்சி வழியா திருவண்ணாமலை கொண்டுபோய் விடறதுதான் முக்கியமான சவாரி. பௌர்ணமி வந்தா கிரிவலக் கூட்டம், மாமாவுக்குத் தூக்கமே கிடையாது.

சித்ரா பௌர்ணமி அன்னிக்கு ஏறின குடும்பத்துல ஒரு வயசான பாட்டி. பாதி வழியிலேயே வேர்த்து விறுவிறுத்து மயக்கம் வந்துடுச்சு. வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, சோடா வாங்கிக் கொடுத்தப்புறம்தான் கண்ணைத் திறந்தாங்க. பேசின வாடகையில ஐநூறைக் குறைச்சுக் கொடுத்துட்டுப் போனாங்க. "ஏ.சி. வண்டின்னு சொல்லி அடுப்புல உக்கார வெச்சுட்டியேப்பா"ன்னு ஒரு வார்த்தை. பணத்தை விட அதுதான் மாமாவுக்கு வலிச்சுது.

அதுக்கு முன்னாடியே அவர் மூணு தடவை கேஸ் ஏத்தியிருந்தார். ஒவ்வொரு தடவையும் ரெண்டாயிரத்துக்கு மேல. கடைசியா ஒரு கடையில "கம்ப்ரஸர் போயிடுச்சு, இருபதாயிரம் ஆவும்"னு சொல்லிட்டாங்க. அத்தை கழுத்துச் செயினைக் கழட்டி மேசை மேல வெச்சப்பதான் நான் காலேஜ்லேர்ந்து லீவுக்கு வந்து இறங்கினேன்.

"மாப்ள, நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, இன்னாடா பிரச்னை இதுக்கு?"

எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. ரெஃப்ரிஜிரேஷன் பேப்பர்ல பாஸ் பண்ணியிருக்கேன். பிரஷர்-என்தால்பி சார்ட் வரையச் சொன்னா தூக்கத்துல கூட வரைவேன். ஆனா பானெட்டைத் திறந்தா எது கண்டன்ஸர், எது ரேடியேட்டர்னு ரெண்டு நிமிஷம் முழிச்சேன். மானத்தைக் காப்பாத்திக்க, எங்க தெரு முனையில ஷெட் வெச்சிருக்கிற எலக்ட்ரிஷியன் அண்ணன்கிட்ட ஓடினேன்.

முதல்ல கேள்வி... அப்புறம்தான் ஸ்பேனர்!

அண்ணன் பானெட் பக்கமே போகலை. டீ குடிச்சுக்கிட்டே மூணே கேள்வி.

"எப்பவுமே சூடா, கொஞ்ச நேரம் கழிச்சா?" முதல் பத்து நிமிஷம் சில்லுன்னு இருக்கும், அப்புறம்தான் சூடு.

"சூடாகும்போது காத்தோட வேகம் குறையுதா?" இல்லை, அதே வேகம்.

"எப்போலேர்ந்து?" மாமா யோசிச்சார். "தை மாசம் ஊட்டி சவாரி போய்ட்டு வந்ததுலேர்ந்து..."

அண்ணன் சிரிச்சுட்டார். "ஊட்டியில ஹீட்டர் போட்டீங்களா?" போட்டிருக்கார். குளிர்ல பசங்க நடுங்குதுன்னு அந்தக் குடும்பம் கேட்டுச்சாம். அந்த வண்டி வாங்கினதுலேர்ந்து அந்தக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினது அன்னிக்கு ஒருநாள்தான்.

இங்க ஒரு நிமிஷம் தியரி. போர் அடிக்காது, கேளுங்க. கார்ல குளிருக்கு ஒரு பெட்டி, சூட்டுக்கு ஒரு பெட்டின்னு தனித்தனி இடத்துல இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஒரே பெட்டிக்குள்ள ரெண்டும் இருக்கு. ப்ளோயர் தள்ளுற காத்து முதல்ல எவாப்ரேட்டரைத் தொட்டுக் குளிர்ந்துடும். அடுத்து நிக்கிறது ஹீட்டர் கோர். அதுக்குள்ள 80, 90 டிகிரியில இன்ஜின் கூலன்ட் ஓடிக்கிட்டே இருக்கும். குளிர்ந்த காத்து எவ்வளவு அந்தப் பக்கம் போகணும்னு முடிவு பண்றது ஒரு சின்ன ப்ளாஸ்டிக் கதவு. நீலம்-சிவப்புக் குமிழைத் திருப்பினா அசையறது அந்தக் கதவுதான். பழைய வண்டியில கேபிள் இழுக்கும். புது வண்டியில குட்டி மோட்டார் இழுக்கும்.

இப்ப புரியுதா? காலையில இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹீட்டர் கோரும் ஆறித்தான் இருக்கும். அதனால ஏ.சி. சில்லுன்னு வரும். இன்ஜின் சூடானதும் ஏ.சி. குளிரவைக்கிற காத்தை ஹீட்டர் திரும்பச் சுட வெச்சு அனுப்பும். கேஸ் ஏத்தின கடைக்காரங்க அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்து "ஓகே சார்"னு சொன்னதுல பொய்யே இல்லை. பத்தாவது நிமிஷம் யாரும் பார்க்கலை, அவ்வளவுதான்.

தொட்டுப் பார்த்தா தெரிஞ்சிடும்

ஊகத்தை நம்பாம அண்ணன் சோதிச்சார். வண்டி கால் மணி நேரம் ஓடி, உள்ளே வெந்நீர்க் காத்து வர ஆரம்பிச்சதும், கம்ப்ரஸருக்குத் திரும்பி வர்ற தடிமனான குழாயைத் தொடச் சொன்னார். தொட்டேன். ஐஸ்! வெளியில முத்து முத்தாத் தண்ணி. ஆக கேஸ் இருக்கு, கம்ப்ரஸர் நல்லா வேலை செய்யுது, எவாப்ரேட்டர் குளிருது. அப்புறம் ஹீட்டருக்குப் போற ரப்பர் ஹோஸை ஒரு க்ளாம்ப் போட்டு நெரிச்சார். நாலஞ்சு நிமிஷத்துல உள்ளே காத்து சில்ல்ல்! இருபதாயிரம் ரூபாய்க் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு.

க்ளவ் பாக்ஸைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பார்த்தோம். மாமா குமிழைத் திருப்புறார், கேபிள் ஆடுது, கதவோட கை மட்டும் அசையவே இல்லை. கேபிளைப் பிடிச்சிருந்த க்ளிப் உடைஞ்சு கீழே கிடந்துச்சு. ஊட்டியில சிவப்புப் பக்கம் போன கதவு திரும்பி வரவே இல்லை. புது க்ளிப், அண்ணன் கூலி எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்.

பெல்ட்டைக் கழட்டினாதான் ஏ.சி. ஆஃப்!

கன்ட்ரோல் சொதப்பறது நேத்து வந்த வியாதி இல்லை. அமெரிக்காவுல பக்கார்ட் கம்பெனி 1939-ல தன்னோட 1940 மாடல் கார்களுக்கு ஏ.சி.யை அறிவிச்சுது. குளிர் நல்லாத்தான் வந்துச்சு. ஆனா தெர்மோஸ்டாட் கிடையாது. கம்ப்ரஸரை நிறுத்தணும்னா வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டையே கழட்டணும்! வேணும்கிற டிகிரியை வெச்சுட்டா சூட்டையும் குளிரையும் தானே கலந்துக்கிற கன்ட்ரோல் கெடிலாக் கார்ல வந்தது 1964-ல. குளிர் வரவைக்கிறது ஒரு வேலை, அதைக் கட்டுப்படுத்துறது இன்னொரு வேலை. ரிப்பேர்லயும் இதுதான் முதல் கேள்வி: குளிரே பிறக்கலையா, இல்லை பிறந்த குளிர் வழியில தொலையுதா?

நீங்களும் ஏ.சி. டாக்டர்தான்!

• காத்தே வரலையா? ஃப்யூஸ், ரிலே, ப்ளோயர் மோட்டார் பாருங்க. கடைசி ஸ்பீடு மட்டும் வேலை செஞ்சா பெரும்பாலும் ப்ளோயர் ரெஸிஸ்டர் போயிருக்கும்.

• காத்து பலவீனமா வருதா? கேபின் ஃபில்டரைக் கழட்டித் தட்டுங்க.

• ஏ.சி. பட்டனை அமுக்கினா "டக்"னு க்ளட்ச் சத்தம் கேட்கலையா? ஃப்யூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச். கேஸ் ரொம்பக் குறைஞ்சாலும் அந்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை ஓடவே விடாது.

• ஓடும்போது ஜில், சிக்னல்ல நின்னா சூடா? கண்டன்ஸர் ஃபேன், இல்லைன்னா கண்டன்ஸர்ல அடைச்ச தூசி.

• போகப்போகக் காத்து குறைஞ்சு சூடாகுதா? எவாப்ரேட்டர் மேல ஐஸ் கட்டியிருக்கலாம். சென்ஸரைச் சோதிக்கணும்.

• காத்து குறையாம சூடு மட்டும் வருதா? குழாய் ஜில்லுன்னு இருந்தா கதவு, கேபிள், மோட்டார்தான். டேஷ்போர்டுக்குள்ள "டிக் டிக்"னு சத்தம் வந்தா மோட்டாரோட ப்ளாஸ்டிக் பல் உடைஞ்சிருக்கலாம்.

எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை வேண்டாம். சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க. கேஸ் லைனை நீங்களே கழட்டாதீங்க. தோல்ல பட்டா உறைஞ்சு புண்ணாயிடும்.

கேஸ் பெட்ரோல் இல்லை பாஸ்!

ஓடினா தீர்ந்துபோறதுக்குக் கேஸ் ஒண்ணும் டீசல் இல்லை. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திச் சுத்தி வரும். குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஒழுகுற இடத்தை அடைக்காம ஏத்தறது, ஓட்டைக் குடத்துல தண்ணி பிடிக்கிற கதை. நின்ன வண்டியில கேஜை மாட்டி "பிரஷர் இருக்கே"ன்னு சொல்றதும் போதாது. வீட்டு சிலிண்டர் கிட்டத்தட்ட தீர்ற வரைக்கும் அடுப்பு ஒரே மாதிரிதானே எரியுது? அதே மாதிரி, உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாக்கூட ஆர்-134ஏ 35 டிகிரியில சுமார் 114 பி.எஸ்.ஐ. காட்டும். கேஸ் சரியா இருக்கான்னு தெரியணும்னா வெளியே எடுத்து எடை போட்டு ஏத்தணும். தேவையில்லாம அதைக் காத்துல விடறதும் பாவம். நூறு வருஷக் கணக்குல பார்த்தா, பூமியைச் சூடாக்கறதுல அது கார்பன் டை ஆக்சைடை விட ஆயிரம் மடங்குக்கும் மேல!

2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த எங்க கோட்டைக்கு வந்தா கல்யாண மஹாலைப் பாருங்க. அத்தனை மாடிக் கட்டடத்துல மேல வரைக்கும் மண்குழாய் வழியாத் தண்ணி ஏத்தியிருக்காங்க. மேல் மாடியில தண்ணி வரலைன்னா அந்தக் காலத்து ஆளுங்க புதுசா ஒரு குளம் வெட்டியிருப்பாங்களா? குழாயைத்தானே பார்த்திருப்பாங்க!

செயின் அத்தை கழுத்துலயே இருக்கு. மாமா வண்டி கிரிவலக் கூட்டத்தோட சில்லுன்னு ஓடுது. நான்? லீவு முடியற வரைக்கும் தினமும் சாயங்காலம் அண்ணன் ஷெட்ல ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த தடவை உங்க வீட்டு வண்டிக்கு யாராவது "கேஸ் இல்லை"ன்னு சொன்னா, சண்டை போடாதீங்க. மரியாதையா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "குழாயைத் தொட்டுப் பாத்தீங்களாண்ணே?"