பெயருக்கு என்ன விலை?

மும்பை மாதுங்காவில் மெஸ் நடத்தும் நம்மவர் ஒருவர், கடைப் பெயரில் இணையதளம் தொடங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பெயரை வேறொருவர் முன்பே பதிந்து வைத்துக்கொண்டு 50,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம். எவரும் எடுக்காத சாதாரணப் பெயரைப் பதிய ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் ஆகும். மிச்சமெல்லாம் பேரம். 2019-இல் ‘வாய்ஸ்.காம்’ 3 கோடி டாலருக்கு விலைபோனது மெய்தான். ஆனால், அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும் ஒற்றைச் சொல். மெஸ்ஸின் பெயருக்கோ இவரை விட்டால் வேறு கிராக்கி யார்?

அதே பெயர் ‘.இன்’ என்ற முடிவோடு கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைத்தால் பேரத்தில் இவர் கை ஓங்கும். விலைக்கு வாங்கினாலும் அது கிரயம் செய்த மனை ஆகாது. தவணை தவறாமல் புதுப்பிக்க வேண்டிய குத்தகையே!