வேலை முடிந்ததும் வடிகட்டி எடுக்கலாம்! திரும்பத் திரும்ப உழைக்கும் அதிசய தூள்

மரப் பந்தில் துளை போட இடம் குறித்துக் கொடுத்தார் ஒரு பேராசிரியர். அது நோபல் பரிசில் போய் முடிந்தது!

அவர் பெயர் ரிச்சர்டு ராப்சன். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். 1974-ல் மாணவர்களுக்குப் பாடம் நடத்த, மரப் பந்துகளில் குச்சி செருகி மாதிரிகள் செய்தார். துளை சரியான இடத்தில் இருந்தால் வடிவமும் தானாகவே சரியாக வந்தது. நிஜ மூலக்கூறுகளையும் இப்படிக் கோர்த்தால் என்ன என்று யோசித்தார். 1989-ல் செம்பை வைத்து அதைச் செய்தும் காட்டினார்.

ஜப்பானின் சுசுமு கிடகாவா, அமெரிக்காவின் ஓமர் யாகி இருவரும் இதை மேலும் வளர்த்தார்கள். 2025-ல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டிடச் சாரம்

இந்தப் பொருளின் பெயர் உலோக-கரிம கட்டமைப்பு. உலோகம்தான் முடிச்சு. கரிம மூலக்கூறுதான் கழி. கட்டிடத்துக்கு சாரம் கட்டுகிற மாதிரி! நடுவில் எல்லாம் காலி அறைகள். இரண்டு, மூன்று கிராம் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானம் அளவு பரப்பு அடங்கியிருக்கும்!

கல்யாணத் தரகர்

மருந்து, சாயம் தயாரிக்க வினையூக்கி வேண்டும். இது கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பேரைச் சேர்த்து வைக்கும், தான் ஒதுங்கிக்கொள்ளும்.

கரைகிற வினையூக்கி என்றால் தொல்லை. தரகர் பந்திக் கூட்டத்தில் கலந்துவிடுவார். அவரைப் பிரித்தெடுக்க செலவு; கழிவும் அதிகம்.

இந்தத் தூள் கரையாது. டீத்தூளை வடிகட்டுகிற மாதிரி வடிகட்டி, கழுவி, அடுத்த முறைக்குப் போடலாம். 1994-லேயே ஜப்பானின் மகோட்டோ புஜிட்டா, காட்மியம் கட்டமைப்பு ஒன்று வினையூக்கியாக வேலை செய்வதைக் காட்டினார்.

குட்டு உடையும்!

ஆனால் எல்லா தூளும் யோக்கியம் அல்ல. சிலவற்றில் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மருந்தில் கலந்தால் ஆபத்து!

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. வினை பாதியில் இருக்கும்போதே, சூடாகவே தூளை வடிகட்டி விடுகிறார்கள். தூள் போன பிறகும் திரவத்தில் வினை நடந்தால், உலோகம் கரைந்துவிட்டது என்று அர்த்தம்!

யாகி 1999-ல் அறிவித்த எம்.ஓ.எப்.-5, ஈரம் பட்டால் சிதையும். நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம் 2008-ல் சிர்கோனியத்தில் உருவாக்கிய யு.ஐ.ஓ.-66, சூட்டையும் தண்ணீரையும் தாங்கும்.

தரகர் கெட்டிக்காரராக இருந்தால் போதுமா? அடுத்த கல்யாணம் வரை ஆள் தாக்குப்பிடிக்க வேண்டுமே!