பேசும் படத்தில் பேச முடியாத நாயகன்

இந்தியாவின் முதல் பேசும் படத்தின் நாயகனுக்கு அப்படத்தில் வசனம் மிகக் குறைவு. ஆனால், அதில் நடிக்கும் உரிமைக்காக நீதிமன்றத்தில் அவர் சார்பில் வாதாடியவர், பின்னாளில் பாகிஸ்தானை உருவாக்கிய முகமது அலி ஜின்னா என்கிறது திரை வரலாறு.

அந்த நடிகர் மாஸ்டர் விட்டல். 1906-இல் பிறந்த மராட்டியர். சிறு வயதிலேயே ராஜாபூர் நாடக மண்டலியில் மேடையேறினார். ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய அக்கால மண்டலிகளில் பெண் வேடங்களையும் பெரும்பாலும் ஆண்களே ஏற்றனர். பின்னர் கோலாப்பூரில் பாபுராவ் பெயிண்டரின் மகாராஷ்டிர பிலிம் கம்பெனியில் படத்தொகுப்பு வேலைக்குச் சேர்ந்தார். 1924-இல் வெளியான "கல்யாண் கஜினா'வில் நடன மங்கையாகத் திரையில் தோன்றினார். மண்டலியில் பெற்ற பயிற்சி கைகொடுத்திருக்க வேண்டும்.

பம்பாய் சாரதா பிலிம் கம்பெனியின் சாகசப் படங்கள் அவரை உச்ச நட்சத்திரமாக்கின. வாள் வீச்சுக்கு மொழி தேவைப்படவில்லை. வசன அட்டைகளைப் பல மொழிகளில் எழுதிவிட்டால் போதும்; மராட்டிய நடிகரின் படம் நாடெங்கும் ஓடியது.

"ஆலம் ஆரா'வுக்காக அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனம் அவரை அழைத்தது. ஒப்பந்தத்தை மீறியதாக சாரதா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வழக்கில் வென்றார் விட்டல். ஆனால், ஒலிவாங்கியின் முன்தான் அவர் தோற்றார்.

1931 மார்ச் 14-ஆம் தேதி பம்பாய் மெஜஸ்டிக் திரையரங்கில் வெளியான அப்படத்தின் மொழி உருது கலந்த ஹிந்துஸ்தானி. விட்டலின் உச்சரிப்பு அதற்கு ஒத்துவரவில்லை. எனவே, நாயகன் பல காட்சிகளில் மயக்க நிலையில் இருப்பதாகக் காட்டிச் சமாளித்தனர்.

அதே படத்தில் தளபதியாக நடித்தவர் பிருதிவிராஜ் கபூர். அவரும் மெளனப் படங்களில் தொடங்கியவரே. பெஷாவரில் கல்வி பயின்ற அவருக்கு அம்மொழி தடையாக இல்லை, குரலே சொத்தாயிற்று. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர், 1958-இல் தூக்குத் தண்டனையை ஒழிக்க வலியுறுத்தி அங்கு தீர்மானம் கொண்டுவந்தார். விவாதத்துக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றார் என்பது வேறு கதை.

பேச்சு வந்ததும் ஒரே சந்தையாக இருந்த இந்திய சினிமா மொழிவாரியாகப் பிரியத் தொடங்கியது. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிவதற்கு 25 ஆண்டுகள் முன்னதாகவே! அதே 1931 அக்டோபரில், அதே இரானியின் தயாரிப்பில் தமிழும் தெலுங்கும் பேசும் "காளிதாஸ்' வெளியானது. டி.பி. ராஜலட்சுமி போன்ற தமிழ் மேடைக் கலைஞர்களுக்குத் திறந்த கதவு, விட்டல் போன்றோருக்குப் பாதி மூடியது.

அவர் உடனே மறைந்துவிடவில்லை. மராட்டிப் படங்களில் நடித்தார். பின்னர் ஹிந்திப் படங்களில் சிறு வேடங்களை ஏற்றார். 1969-இல் காலமானார். "ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. எஞ்சியிருப்பவை சில புகைப்படங்களும் விளம்பரங்களும்தான்.